ஏழு முறை ஆடிய மாப்பிள்ளை

கல்யாணச் செயலி கிரிதரனுக்குப் பரிந்துரைத்த கதை விளையாட்டுகளில் தமயந்தியுடையதுதான் முதலிடத்தில் இருந்தது. ஜாதகம் அனுப்பும் வழக்கம் போய், பெண்ணையே படமும் வசனமுமாக விளையாட்டாக்கி அனுப்பும் காலம் அது. எந்தக் கேள்விக்குப் பெண் என்ன பதில் சொல்வாள் என்பதையெல்லாம் தமயந்தியின் அம்மாதான் உட்கார்ந்து நிரப்பியிருந்தாள்.

"ஏழு தடவை ஆடி முடிச்சுட்டான். ஏழு தடவையும் கல்யாணம்தான்!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கிரிதரனின் அம்மா தமயந்தி வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள்.

கிரிதரன் தமயந்தியிடம் காபியை வாங்கிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்டான். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்களா?"

விளையாட்டில் அவள் தலைகுனிந்து, "உங்க இஷ்டம்" என்பாள்.

"போவேன்" என்றாள் தமயந்தி.

அவள் முகத்துக்குக் கீழே, காற்றில், கிரிதரன் எதையோ தேடினான். விளையாட்டில் வருவதுபோல, அடுத்து என்ன சொல்வது என்று தொட்டுத் தேர்ந்தெடுக்க அங்கே மூன்று வரிகள் வரவில்லை. காபியை வைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினான். உடனே கழற்றிவிட்டு, ஆட்டத்தை மறுபடி தொடங்குபவன்போல, முதலில் வந்த அதே புன்னகையோடு உள்ளே வந்து வணக்கம் சொன்னான்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்களா?"

"இந்தத் தடவையாவது ஒழுங்காச் சொல்லித் தொலைடி" என்று தமயந்தியின் அம்மா அவள் காதருகே சீறினாள்.

"போவேன்."

கிரிதரன் மறுபடியும் எழுந்தான்.

"எம் புள்ளைக்கு எவ்வளவு பொறுமை, பாத்தீங்களா சம்பந்தி!" என்றாள் அவன் அம்மா.

வெளியே செருப்பு மாட்டும் ஓசை கேட்டதும் தமயந்தி போய்க் கதவைத் தாழிட்டாள். அழைப்புமணி விடாமல் அடித்தது. அவள் மாப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறுவதற்குள் அந்தக் காபியைக் குடித்தாள்.