மூடியில் இருந்த முகம்

"டப்பா மூடியில இருக்குற மூஞ்சி உன்னோடதுதானே?"

தொலைபேசியில் ஓர் ஆண்குரல். உன்சில் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

சற்று முன்புவரை அம்மாதான் பேசிக்கொண்டிருந்தாள். வட கொரியாவில், சீன எல்லை ஆற்றங்கரையில் இருக்கிற ஹேசானில், சுள்ளி பொறுக்குகிற சாக்கில் மலையேறி, கடத்தி வந்த கைப்பேசியில் பேசுகிற அம்மா. இன்று என்றுமில்லாமல் பெற்ற மகளை "நல்லாயிருக்கீங்களா" என்று மரியாதையாகக் கேட்டாள். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று அப்போதே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஊரில் உன்சில் ஆற்றோடு போய்ச் செத்தவள். அம்மா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்.

தெற்கே ஓடிப்போனவளின் தாய் என்று தெரிந்தால் கைதி முகாம்தான். அங்கே போய்த் திரும்பியவர்களை அவள் பார்த்ததில்லை.

அதனால்தான் சியோலுக்கு வந்து கழிவறை கழுவிய நாளிலும், ஒற்றை அடுப்பில் மங்கு போக்கும் கிரீம் காய்ச்சிச் சந்தையில் விற்ற நாளிலும், சொந்த ஆலை வைத்து ஊருக்கே சம்பளம் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்த பிறகும், அவள் எந்தப் படத்திலும் முகம் காட்டவில்லை.

இந்த வசந்தத்தில்தான் விற்பனைப் பெண்கள் விடமாட்டேன் என்றார்கள். "இப்படி வழுவழுன்னு ஒரு மூஞ்சிய வச்சிக்கிட்டு, நடிகைக்கு எதுக்குக்கா தெண்டம் அழுறீங்க?"

கொஞ்சம் மயங்கி, மூடியில் தன் படத்தைப் போட விட்டுவிட்டாள், பாவம். அந்தச் சரக்கு சீனாவுக்குப் போய், அங்கிருந்து ஆறு தாண்டும் என்று யார் கண்டது.

"ஊமையா நீ? பாதுகாப்புத் துறை கேக்குது."

ஆமாம் என்றால் அம்மா போனாள். இல்லை என்றால், பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

அவன் பக்கத்தில் அம்மா இருமுவது கேட்டது.

"என்னோடதுதான்."

 அந்தக் குரல் தணிந்தது.

"என் பொண்டாட்டிக்குக் கன்னம் பூரா மங்கு. ஒரு டப்பா பூசுனதுல பாதி மங்கு போயிருச்சு. இன்னும் அனுப்பு. மூடியில படம் கிடம் இருக்கக் கூடாது. மங்கு முழுசாப் போற வரைக்கும் உங்கம்மா மேல ஒரு தூசு விழாது."

வைத்துவிட்டான்.

உன்சில் கலவை அறைக்கு இறங்கினாள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த ஹ்வாசுனிடம், சின்னச் சட்டியில் தனியாகக் கொஞ்சம் காய்ச்சச் சொன்னாள். அதற்கு மருந்து கால் பங்கு போதும் என்றாள்.

ஹ்வாசுன் துடுப்பை நிறுத்தினாள். "கால் பங்கா? அப்புறம் மங்கு எந்தக் காலத்துலக்கா போறது?"

"போகக் கூடாது."