அம்மன் தோளில் இரண்டு பூக்கள்

பூசாரி இரண்டு செவ்வரளிப் பூக்களைத் தண்ணீரில் நனைத்து, அம்மனின் கல் தோள்களில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினார். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் மயில்சாமியின் மகள் யாழினிக்குத் தலையில் ஆபரேஷன் செய்யலாம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். செய்தாலும் பிழைப்பாளா தெரியாது, செய்யாவிட்டாலும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டும். ஆஸ்பத்திரியில் நேற்றே அவளுக்கு மொட்டை அடித்துவிட்டார்கள்.

"அந்த ஃபேனை நிறுத்திப்போடுங்க சாமி. காத்துல விழுந்தா அது ஆத்தாளோட உத்தரவு ஆகாதுங்க" என்றான் மயில்சாமி. பூசாரி நிறுத்தினார்.

ஒன்பது மணியிலிருந்து அவனும் மனைவி ரேணுகாவும் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தாடையிலிருந்து வியர்வை தரையில் சொட்டியது. ஈரம் காய்ந்த பிறகும் பூக்கள் கல்லை விடவில்லை. ஓர் எறும்பு இடப்பக்கத்துப் பூவுக்குள் போய்விட்டு வெளியே வந்தது. பதினொன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த தம்பி போன் செய்தான். மயில்சாமி எடுக்கவில்லை.

"இன்னும் செத்த நேரம் பார்க்கலாம். ஆத்தா கைவிடமாட்டா."

ரேணுகா எழுந்து போய், மூலையில் நின்ற மின்விசிறியின் பொத்தானை அழுத்தினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"ஆத்தாளுக்கும் வேர்க்குமில்லீங்க."

அதை நிறுத்த மயில்சாமி எழவில்லை. மின்விசிறி முதலில் அவன் முகத்தில் வீசியது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மன் பக்கம் போனது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.