கேற்றடியில் ஒரு ஸலாம்

மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே ஹாஜறாவுக்குத் தெரிந்துவிட்டது, அவர்தான்.

சந்தியில் ஒரு தடவை விக்கிவிட்டு வரும் அந்த வண்டியை அவள் அறியாதவளா?

அடுப்பைத் தணித்தாள். சட்டியில் மாங்காய் போட்ட கீரிமீன் ஆணம். வழக்கமாக ஷரிபுதீன் வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் நுழைந்து மூடியைத் திறந்து பார்ப்பார். கை கழுவாத மனிசன் என்று அவள் கத்துவாள். முப்பது வருடமாக இருவரும் நலம் விசாரித்துக்கொண்டது அப்படித்தான்.

மூன்று மாதத்துக்கு முன், விதைநெல்லில் தொடங்கி எங்கெங்கோ போன ஒரு சண்டையில், வாய் முந்திக்கொண்டு அவர் ஒரு தலாக் சொல்லிவிட்டார். வீடு அவளுடைய சீதனம். இந்தப் பக்கத்தில் சொல்லிவிட்டால் இறங்க வேண்டியவர் ஆண்தான். நீலப் பேக்கில் நாலு சாரனை அடைத்துக்கொண்டு நிந்தவூரில் தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார்.

தலாக்குக்குப் பிறகு மூன்று மாதம் காத்திருக்கும் இத்தா முடியும்வரை வழி திறந்தே இருந்தது. மீட்டுக்கொண்டேன் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் பழையபடி மனைவி. அந்த ஒரு சொல்லுக்காக, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் தினமும் காத்திருந்தாள்.

இன்று பொழுதுபட்டு, மஃரிபோடு இத்தா முடிகிறது. அதற்குப் பிறகு அவர் அந்நிய ஆண். மறுபடி நிக்காஹ் செய்யலாம்தான். ஆனால் ஆள் வைத்துப் பேசி, ஊரைக் கூட்டி, இந்த வயதில் மாப்பிள்ளையாக வந்து உட்கார அவர் துணிய மாட்டார்.

வண்டி நின்றது.

இனிச் செருப்புக் கழலும். படியில் கால் வைக்கும் சத்தம் கேட்கும். அவள் சட்டி மூடியைப் பார்த்தபடி நின்றாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

கேற்றடியிலிருந்து வந்தது. சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

ஸலாம் சொல்லிவிட்டு வெளியே நிற்பவர்கள் விருந்தாளிகள். மீற்றர் பார்க்க வருபவனும் அப்படித்தான் நிற்பான். வீட்டு மனிதர் சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்.

சரி, முடிவெடுத்துவிட்டார். விட்டுப்போன சாமானுக்காக வந்திருக்கிறார்.

தோளில் கிடந்த முந்தானையை இழுத்து முக்காடிட்டாள். இந்த மனிதருக்கு முன்னால் அவள் முக்காடிட்டது கல்யாணத்தன்றுதான். பதில் ஸலாம் சொல்லி, வாசல் சீலையைக் கொஞ்சம் விலக்கினாள்.

“மருந்தடிக்கிற டேங்கி கோடிக்குள்ள கிடக்கு. எடுத்துட்டுப் போங்க.”

அவர் அந்த முக்காட்டையே பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“ஓம்,” என்றார்.

ஆனால் வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கம் போகவேயில்லை. வண்டியை இயக்கித் திருப்பினார்.

டேங்கிக்கு வரவில்லையென்றால் பின்னே எதற்கு வந்தார்? ஹாஜறா படிக்கு வந்தாள்.

பின் சீற்றில், ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டியபடி, அந்த நீலப் பேக்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலாக் சொன்ன வாயோடு பழையபடி நுழையக் கூச்சப்பட்டு, வாங்க என்று அவள் சொல்லட்டும் என்றுதான் நின்றிருக்கிறார் மனிசன். அவளோ முக்காட்டைக் காட்டியிருக்கிறாள்.

‘இஞ்ச பாருங்க’ என்று கூப்பிட வாய் திறந்தது. இத்தனை வருடமும் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் மஃரிப் பாங்கு எழுந்தது.

சொல் வெளியே வரவில்லை. அது புருஷனைக் கூப்பிடுகிற சொல். அந்நிய ஆணை அப்படிக் கூப்பிட முடியுமா?

வண்டி நகர்ந்துவிட்டது.

“ஷரிபுதீன்,” என்றாள். பிறகு பலமாக, ஒழுங்கைக்கே கேட்க, இன்னொரு தடவை.

வண்டி கொஞ்சம் மெதுவானது. அவர் திரும்பவில்லை. யாரோ ஒரு பொம்பளை யாரோ ஒரு ஷரிபுதீனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார். சந்தியில் வண்டி ஒரு தடவை விக்கியது.

அந்தப் பெயரை அவள் குரலில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.