பச்சை மைச் சீட்டு

"ஜெபம்னா இப்படியா, வாயெல்லாம் பல்லா?" என்று பக்கத்தில் இருந்த சிந்துஜாவிடம் முணுமுணுத்தாள் ஜான்சி.

சிதம்பரத்தில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். மூணு வாரமாகத்தான் வருகிறாள் தைலம்மாள். கண்ணை மூடி, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்களுக்கு என்ன கவலை? சிரிக்கிறாங்க" என்றாள் சிந்துஜா.

ஜான்சிக்குத்தான் சிரிப்பே மறந்துபோச்சு. பைக்கிலிருந்து விழுந்த புருஷன் பாலகுமார் மூணு வருஷமாகப் படுக்கையில். 'அவர் எழுந்து உக்காரணும்' என்று வாரம் தவறாமல் எழுதி டப்பாவில் போட்டாள். உட்காரவில்லை.

டப்பா அந்தச் சபையின் வழக்கம். பேர் போடாமல் விண்ணப்பத்தை எழுதி, மடித்துப் போட வேண்டும். ஆளுக்கொரு சீட்டை எடுத்துப்போய், யாருடையதென்று தெரியாமலே ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும்.

இந்த வாரம் கைக்குக் கிடைத்தது பச்சைப் பேனா. ஜான்சி எழுதினாள்: 'ஆண்டவரே, என்னைச் சீக்கிரம் எடுத்துக்கோ.'

ஜெபம் முடிந்து எல்லாரும் சீட்டு எடுத்தார்கள். தைலம்மாள் தன்னுடையதைப் பிரித்துப் பார்த்தாள். மடித்தாள், மறுபடி பிரித்தாள். பிறகு தூக்கிக் காட்டினாள். பச்சை மை!

"எனக்குப் படிக்க வராது. என்ன எழுதியிருந்தா என்ன? அப்படியே குடு ஆண்டவரேன்னு அடம் புடிச்சு வாங்கிட மாட்டேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜான்சி பச்சைப் பேனாவை முந்தானைக்குள் ஒளித்தாள்.

வீட்டில் பாலகுமாருக்குக் கஞ்சி ஊட்டும்போது பாதியில் கை நின்றது. வாயைத் திறந்தபடி அவர் காத்திருந்தார்.

நான் போயிட்டா இந்த வாய்க்கு யாரு ஊட்டுவா?

மூணு நாள் தாங்கினாள். நாலாம் நாள் அண்ணாமலை நகருக்கு, தைலம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

"வாம்மா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"அந்தச் சீட்டுக்கு... ஜெபம் பண்ணிட்டீங்களாக்கா?"

"காலையில, சாயங்காலம், ரெண்டு வேளையும். சீக்கிரம் நடந்துடும் பாரு!"

"ஐயோ, நடக்க வேணாம்க்கா! வேணாம் ஆண்டவரே, நான் இருக்கணும்..."

மூணு வருஷத்தில் இவ்வளவு சத்தமாக அவள் ஜெபித்ததே இல்லை.

தைலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை நீட்டினாள். முகமெல்லாம் அதே சிரிப்பு.

ஜான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறவள் முன்னாலும் ஒரு சிரிப்பா? வெடுக்கென்று வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கிழிக்கப் போனவள், அப்படியே நின்றாள்.

சீட்டின் பின்பக்கம் பென்சிலால், நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்தது:

'ஆண்டவரே, இதை மட்டும் குடுத்துடாதே. எழுதின புள்ளையே வந்து வேணாம்னு திருப்பி வாங்கிக்கணும். அன்னைக்கு நான் மனசாரச் சிரிப்பேன்.'