சான் ஹோசேயில் பிறந்த மாப்பிள்ளை

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன், ஞானசேகரன்" என்றார் சிவசங்கரன், பதவி உயர்வு ஆணையை நீட்டுகிறவர் மாதிரி.

சோபா நுனியில் இருந்த ஞானசேகரன் பதறி எழுந்தேவிட்டார். மகன் கவின் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் சிவசங்கரன் மேனேஜர். அப்படிப்பட்டவர் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்துக்குள் காரைச் சொருகி, மனைவியோடும் பழத்தட்டோடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கவின் சமையலறை வாசலில் நின்றான்.

"ஐயோ, பெரிய வார்த்தை சார்..."

"இருங்க. உங்க பையனை என் பொண்ணு வித்யாலட்சுமிக்கு நான்தான் கேட்டேன். நான்தான் என் லேப்டாப்புல ஜாதகம் போட்டுப் பார்த்து, ஏழுல செவ்வாய், வர்றவ தங்க மாட்டான்னு வேணாம்னேன். அதையும் அல்சூர் கோயில்ல நாலு பேர் கேக்கச் சொன்னேன்."

"விடுங்க சார். அதுக்கப்புறம் வேற இடம் எதுவும் வரலை. என் வீட்டுக்காரி ரத்தினம்மாள் அந்தக் கோயில் பக்கமே போறதில்லை. அவ்வளவுதான்" என்றார் ஞானசேகரன், தரையைப் பார்த்து.

கவினும் தரையைப் பார்த்தான். சிவசங்கரனின் மனைவி வனஜா வந்ததிலிருந்தே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலாங்க" என்றாள் மெதுவாக. "சொல்ல வந்ததைச் சொல்லியாச்சு."

"எங்க சொன்னேன்? விஷயமே இனிமேதான். பையன் ஜாதகத்துல தப்பில்லை, கம்ப்யூட்டர்லதான் தப்பு. போன வாரம் சும்மா என் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தேன். ராஜயோகமே இல்லைன்னு வருது! எனக்கு! அப்பத்தான் மெஷின்ல ஏதோ கோளாறுன்னு பொறி தட்டிச்சு."

அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தோஷம் என்று வந்தபோது தட்டாத பொறி அது.

"பார்த்தா, பிறந்த ஊர்னு நாம எதுவும் போடலைன்னா, அதுவா சான் ஹோசேன்னு எடுத்துக்குது. நான் அமெரிக்கா போயிருந்தப்ப அங்கதானே இருந்தேன், கலிபோர்னியால..."

"தெரியும் சார்" என்றார் ஞானசேகரன். பெண் பார்க்கப் போன அன்று, கொடுத்த காபி ஆறும்வரை அந்த ஊரைப் பற்றித்தான் கேட்டிருந்தார்.

"அங்க வெச்ச செட்டிங் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கவின் பிறந்தது பெங்களூர்ல. அது அமெரிக்கா நேரத்துக்குக் கட்டம் போட்டிருக்கு! புரோகிராமை அழிச்சேன். திரும்ப சிடியிலேர்ந்து போட்டேன். மறுபடியும் சான் ஹோசே! எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும் சான் ஹோசே!"

"ஆபீஸ் சப்போர்ட்டுல ஒருத்தர்தான் ஃபோன்ல வழி சொன்னார்" என்றாள் வனஜா, தரையிடம்.

"ஆழமான விஷயம், ஞானசேகரன். புரோகிராம் இருக்கிறது ஒரு இடம். நாம அதுக்குச் சொல்லி வெச்சதெல்லாம் இருக்கிறது வேற இடம். நம்ம பேர்லயே ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அப்ளிகேஷன் டேட்டான்னு இன்னொண்ணு. சாதாரணமாப் பார்த்தா கண்ணுலயே படாது. புரோகிராமை அழிச்சாலும் அது அங்கேயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்."

பொம்மசந்திரா தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற ஞானசேகரன், கதாகாலட்சேபம் கேட்பதுபோல் தலையாட்டினார். "அப்ப எங்க பையன் ஜாதகம் ஏக்தம், முழுக்கச் சுத்தமா சார்?"

"பெங்களூர்னு மாத்தினதும் செவ்வாய் எங்கேயோ ஓடிட்டான். பத்துக்கு எட்டுப் பொருத்தம்! உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க சம்பந்தி. இந்த வெள்ளிக்கிழமையே தட்டு மாத்திடுவோம்."

'சம்பந்தி' என்றதும் ஞானசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கவினின் முகம் வெளுத்துவிட்டது.

"சாமி ஒரு தடவை வேணாம்னு காட்டினா விட்டுடணுங்க" என்றாள் வனஜா.

"காட்டினது சாமி இல்ல வனஜா, சான் ஹோசே! அந்தச் சனியன் பிடிச்ச ஃபோல்டரையே முழுசா அழிச்சுட்டேன். இனி அந்தப் பேச்சே கிடையாது."

"முழு ஃபோல்டரையுமா சார்?" கவின் துடித்துப்போய் முன்னால் வந்தான். "உங்க பழைய செட்டிங்ஸ் ஃபைலை அதுக்குள்ளதானே பேக்கப் எடுத்து வெச்சிருந்தேன்!"

டேட்டா போனது என்றால் உயிரே போனதுபோல் பதறும் தொழில்புத்தி, அவனை நடு வீட்டில் நிறுத்திக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"நீ... எதுக்குடா என் செட்டிங்ஸைத் தொட்டே?" சிவசங்கரனின் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

"மன்னிச்சுடுங்க சார். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு, பிரின்டர் வேலை செய்யலை, பாருன்னு உள்ள அனுப்பினீங்களே... அப்பத்தான் பிறந்த ஊரை சான் ஹோசேன்னு மாத்தி வெச்சேன்." அவனால் நிமிர முடியவில்லை. "மேனேஜர் பொண்ணை வேணாம்னு நான் எப்படி சார் வாயால சொல்றது?"

"டேய், உங்கம்மா கோயிலுக்குக்கூடப் போகாம..." என்றார் ஞானசேகரன்.

"இவர் ஊரெல்லாம் சொல்வார்னு நினைக்கலைப்பா."

சிவசங்கரன் எழுந்தார். இருந்த கௌரவத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டார்: "இது என் பொண்ணுக்குத் தெரிஞ்சா அவ மனசு என்ன பாடு படும்னு யோசிச்சியா?"

"அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினதே வித்யாதான் சார். அவங்களுக்கும் இஷ்டமில்லை. 'நாம வேணாம்னா அப்பா கேக்க மாட்டார், கம்ப்யூட்டர் வேணாம்னா கேப்பார்'னு சொன்னாங்க."

"பொய்! என் பாஸ்வேர்டு அவளுக்கு எப்படித் தெரியும்? அது தெரிஞ்சது எங்க வீட்டுல ஒரே ஒருத்தருக்குத்தான்..."

பாதியில் நிறுத்தித் திரும்பினார். வனஜா தட்டிலிருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.