சந்தனப் பொட்டு

கல்யாண வீட்டார் ஸ்டுடியோ வாசலில் காத்திருந்தார்கள். படங்கள் அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அதுவோ எழவே இல்லை. அதை உயிர்ப்பிக்கக் கடையில் விண்டோஸ் ஏற்றி வாங்கிவந்த பென்டிரைவை ஸ்டுடியோக்காரர் தில்லைநாயகம் மறுபடி அழுத்திச் செருகினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான், நாசமாப் போறவன்!" பெட்டியை ஓங்கி ஓர் அறை விட்டார்.

மனைவி சிவகாமி பென்டிரைவை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஓட்டைக்குள்ள சந்தனம் காஞ்சு அடைச்சிருக்குங்க. ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு."

"எவ வச்சா? பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியா?"

அவள் வெளிச்சத்தை மட்டும் அசைக்காமல் பிடித்திருந்தாள். ஓட்டையைச் சுற்றிக் காய்ந்திருந்த சந்தனத்தில் அகலமான கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

தில்லைநாயகம் தன் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்.

"அந்தக் கடைக்காரனுக்குப் போனைப் போடுடி!" என்று முன்னைவிட உரக்கக் கத்தினார்.