அறைக்குள் ஒரு கோபம்

படாரென்று படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்ட அதிர்ச்சியில், கூடத்தில் ஏணிமேல் நின்றிருந்தவர் கையிலிருந்து சுத்தியல் நழுவி விழுந்தது. நல்லவேளை, கீழே யாருடைய காலும் இல்லை.

"பயந்துடாதீங்க தம்பி, கோபம் உங்க மேல இல்ல," என்று பெரியவர் குனிந்து சுத்தியலை எடுத்து நீட்டினார். "எல்லாம் என் மேலதான்."

"அம்மாவுக்கு என்ன சார் கோபம்?"

"காரணம் கேட்டா அதுக்குத் தனியா ஒரு தடவை சாத்துவா. நான் கேக்கறதே இல்ல."

ஏணிமேல் நின்றவருக்குக் காற்றுக்காரர் என்றே பெயர். புழுங்கும் வீடுகளுக்குக் காற்றோட்டம் அமைத்துக் கொடுப்பது தொழில். வாசலில் நின்று மூக்கைத் தூக்கினாலே போதும், எந்த மூலையில் காற்று வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் பீரோவுக்குப் பின்னால் மூன்று வருஷமாக ஒளிந்திருந்த காற்றை இழுத்துத் தெருவில் விட்டாராம். அது நன்றி சொல்லிவிட்டுப் போனதாம். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு காற்றும் தப்பியதில்லை என்பது அவர் கட்சி. அவர் மனைவி மட்டும் அவரை 'வெறுங்காத்து' என்பாள்.

பெரியவருக்கு இருமல் வந்தால் லேசில் நிற்காது. கூடத்துச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். 'மருந்தெல்லாம் அப்புறம், முதல்ல கூடத்துக்குக் காத்து வர வழி பண்ணுங்க. இன்னொரு மழைக்காலத்தை உங்க நெஞ்சு தாங்காது' என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தூரத்தில் இருக்கும் மகள் போன்மேல் போன் போட்டுக் காற்றுக்காரரை அனுப்பி வைத்திருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லல தம்பி, நல்லா செய்ங்க. ஆனா அவளுக்குப் பிடிக்காத மாதிரி எதையாவது மாத்திடாதீங்க. அது ஒண்ணுதான் எனக்குப் பயம்."

"அம்மா இருக்கற ரூமை நான் தொடவே மாட்டேன் சார். அங்க ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ராத்திரி பகல் திறந்தேதான் கிடக்கும். சாத்தினா அவளுக்கு ஆகாது."

காற்றுக்காரர் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தார். குச்சியில் கட்டிய நூலை அதன் முன்னால் பிடித்தார். நூல் விறைத்துக்கொண்டு வெளியே நீண்டது. 'இழுவை இருக்கு' என்று அவர் தலையாட்டி முடிக்கவில்லை, பின்னால் மறுபடியும் படார்!

"இப்ப என்ன சார் சொல்லிட்டீங்க?"

"உங்களுக்கு டீ போடட்டுமான்னு கேக்க வாயைத் திறந்தேன். 'என்னைக் கேக்கத் தோணுச்சா'ங்கறா." பெரியவர் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "உனக்கும் சேத்துத்தான்டி போடறேன், விடு!"

ஜன்னலைச் சாத்திவிட்டுக் காற்றுக்காரர் கூடத்துக்கு வந்தபோது, படுக்கையறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"ஒட்டுக் கேக்கறா," என்று பெரியவர் கண்ணடித்தார். காற்றுக்காரர் நாகரிகம் தெரிந்தவர். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டீ உள்ளே போனதும் அவருக்கும் மனசு இளகிவிட்டது. "எங்க வீட்லயும் இதே கூத்துதான் சார். அவ சாத்தற சாத்துல மூணு தடவை கீல் மாத்திட்டேன்."

"குடுத்து வெச்சவர் தம்பி நீங்க," என்றார் பெரியவர். மூன்றாவது டம்ளர் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

பிற்பகலுக்குள் வேலை முடிந்தது. கூடத்துச் சுவரின் உச்சியில் தெருப்பக்கம் ஓர் அகலத் திறப்பு. அதற்குச் சாய்வுப் பலகைகள். சமையலறையில் புகைபோக்கி விசிறி. சுவிட்சைப் போட்டதும் நூல் குதித்தது. பூஞ்சண வாடை மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போயிற்று. பெரியவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், இருமல் வரவில்லை.

"இன்னொண்ணு கவனிச்சீங்களா சார்?" காற்றுக்காரர் தூசியைத் தட்டிக்கொண்டே மார்பை நிமிர்த்தினார். "ஒரு மணி நேரமா அம்மா கதவையே சாத்தல. நல்ல காத்து வந்தா கோபமும் தணிஞ்சுடும். நான் எத்தனை வீட்ல பாத்திருக்கேன்!"

பெரியவர் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். அது ஒரு சாண் திறந்தபடியே அசையாமல் நின்றது. ஜன்னலைச் சாத்தினார். இன்னும் அகலமாகத் திறந்தார்.

"இந்தா, உன்னோட டீயை நானே குடிச்சுடப் போறேன்!" என்று கூடத்திலிருந்து வம்புக்கு இழுத்துப் பார்த்தார்.

கதவு அப்படியே நின்றது. புகைபோக்கி விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டாங்க போல சார்," என்றார் காற்றுக்காரர், குரலைத் தாழ்த்தி.

மடக்கி வைத்திருந்த ஏணியைப் பெரியவர் தானே இழுத்து வந்து, புதிய திறப்புக்கு நேர்கீழே சாத்தினார்.

"இதை அடைச்சிடுங்க தம்பி. அவ கண்ணை மூடி நாலு வருஷமாச்சு. இன்னைக்குத்தான் வீட்ல யாருமே இல்ல."